தவளை வளர்க்கப் போறவங்களுக்கு: பாதி வேலை தண்ணிலதான்

தவளை தண்ணி குடிச்சு பாத்திருக்கீங்களா? நான் பாத்ததே இல்ல, ஏன்னா அது வாயால குடிக்கறதே கிடையாது. கிண்ணத்துல இறங்கி அடிவயிறு தண்ணில படற மாதிரி சப்புன்னு உக்காந்துக்கும், அவ்ளோதான், வயித்துக்கு அடியிலயும் தொடைகிட்டயும் இருக்கற மெல்லிசு தோல் வழியா தேவையான தண்ணிய இழுத்துக்கும். மூச்சுலயும் ஒரு பங்கு தோல் வழியாதான் நடக்குது. இத ஒரு தடவ மனசுல ஏத்திக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும், ஏன் சும்மா சும்மா கையில எடுக்கக்கூடாது, ஏன் சோப்பு கூடாது, ஏன் குழாத் தண்ணிய நேரா ஊத்தக்கூடாதுன்னு தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல.

எனக்கு இது புரிஞ்ச விதம் கொஞ்சம் கேவலமானது. தவளை வாங்கி மூணாவது வாரம், டேங்க் கண்ணாடில சளி மாதிரி கறை படிஞ்சிருக்கேன்னு பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு தேச்சேன், நல்லா அலசிட்டேன்னுதான் நினைச்சேன். தவளைய திருப்பி விட்டு பத்து நிமிஷம் இருக்கும், கண்ணாடில முட்டி முட்டி குதிக்குது, பின்னங்கால நீட்டி நீட்டி உதறுது, உடம்பு மேல பளபளன்னு ஏதோ சுரக்குது. நல்ல வேளை குளோரின் எடுத்த தண்ணி ஒரு பாட்டில் தயாரா இருந்துச்சு, ஒரு டப்பால ஊத்தி அதுல உக்கார வெச்சு, அரைமணிக்கு ஒரு தடவ தண்ணிய மாத்திக்கிட்டே ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். பொழச்சுக்கிச்சு. அன்னிலருந்து டேங்க் கழுவ வெந்நியும் ஒரு பழைய டூத் பிரஷும்தான்.

எந்த தவளை எடுக்கறது

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது வைட்ஸ் ட்ரீ ஃப்ராக். பேர கேட்டு வெள்ளைத் தவளைன்னு நினைச்சுக்காதீங்க, 1790ல இத மொதல்ல எழுத்துல விவரிச்ச ஜான் வைட்ங்கற டாக்டரோட பேரு அது, தவளை என்னவோ நல்ல பச்சை. ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்து மரத்தவளை, உள்ளங்கை அளவு வரும், சாதுவா இருக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் தாங்கும். ஆனா ஒண்ணு, நல்லா பாத்துக்கிட்டா 15 வருஷம் தாண்டியும் இருக்கும். உங்க புள்ள ஆசைப்படுதுன்னு வாங்கினா, புள்ள காலேஜ் முடிச்சு போனப்பறமும் பூச்சி போடப்போறது நீங்கதான்.

அடுத்தது பேக்மேன் தவளை, தென் அமெரிக்கா. பாதி உடம்பு வாய்தான். மண்ணுக்குள்ள முக்கால்வாசி புதைஞ்சு கண்ணு மட்டும் வெளிய வெச்சுட்டு நாள்கணக்குல அசையாம உக்காந்திருக்கும், கல்லுக்குள்ள தேரைன்னு சொல்வாங்களே அந்த மாதிரி. பராமரிப்பு சுலபம், ஆனா செல்லம் கொஞ்சற ஆசை இருந்தா இது உங்களுக்கு ஒத்துவராது, பக்கத்துல விரல கொண்டுபோனா இரைன்னு நினைச்சு கவ்விடும், விடவும் விடாது. இத எப்பவும் தனியாதான் வெக்கணும், கூட இன்னொன்ன போட்டா காலைல ஒண்ணுதான் இருக்கும்.

வயிறு சிவப்பா இருக்கற ஃபயர் பெல்லி தேரை சின்னது, பகல்லயே சுறுசுறுப்பா திரியும், பாதி தண்ணி பாதி தரை வேணும், கொஞ்சம் குளிர்ச்சி பிடிக்கும். தோல்ல லேசா விஷம் இருக்கறதால தொட்ட கைய கண்ணுல வெச்சீங்கன்னா எரிஞ்சு தள்ளும். முழுசா தண்ணிலயே இருக்கற ஆப்பிரிக்கன் ட்வார்ஃப் ஃப்ராக் மீன் தொட்டி கணக்கு, அது தனிக் கதை, இங்க பேசல. கலர் கலரா இருக்கற டார்ட் ஃப்ராக் பத்தி எல்லாரும் விஷம் விஷம்னு பயப்படுவாங்க, காட்டுல அது தின்னற எறும்பு, சிலந்திப்பேன் மாதிரி பூச்சிலருந்துதான் அந்த விஷமே வருது, வீட்டுல பொறந்து வளர்ந்ததுக்கு அது கிடையாது. ஆனாலும் மொத தவளையா அத எடுக்காதீங்க, ரொம்ப நுணுக்கமான வேலை.

எத வாங்கினாலும் கூண்டுலயே பொறந்து வளர்ந்ததான்னு கேட்டு வாங்குங்க. மழைக்கு வீட்டுப் பக்கம் வந்த தவளைய புடிச்சு டப்பால போடறத தயவுசெஞ்சு செய்யாதீங்க, ஒட்டுண்ணி நோய்னு எல்லாத்தயும் சுமந்துட்டு வரும், பயத்துல சாப்பிடாது, பல நாட்டுல சட்டப்படி தப்பும்கூட. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ச் சட்டத்துல அந்த இனத்த வெச்சுக்க அனுமதி இருக்கா, உங்களுக்கு எட்டற தூரத்துல தவளை பாக்கற கால்நடை டாக்டர் இருக்காரான்னு ரெண்டையும் விசாரிச்சுக்கோங்க.

வீடு கட்டறது

தவளைய வாங்கிட்டு வந்து அப்பறம் டேங்க் செட் பண்ணலாம்னு மட்டும் இருக்காதீங்க. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே செட் பண்ணி, தெர்மாமீட்டரும் ஈரப்பதம் காட்டற மீட்டரும் உள்ள வெச்சு, பகல்ல எவ்ளோ ராத்திரி எவ்ளோன்னு பாத்து பாத்து சரி பண்ணிக்கோங்க, காலியான டேங்க்ல தப்பு பண்ணா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

மரத்தவளைக்கு உயரம் முக்கியம், ரெண்டு வைட்ஸ் தவளைக்கு அடில 45க்கு 45 செ.மீ., உயரம் 60 செ.மீ.ன்னு வெச்சுக்கோங்க, இதுக்கு கம்மியா வேணாம். பேக்மேனுக்கு உயரம் வீண், தரைதான் வேணும், 60க்கு 45ல ஒரே ஒண்ணு ராஜா மாதிரி இருக்கும். மூடி இறுக்கமா இருக்கணும், காத்தும் போகணும். மரத்தவளைக்கு விரல் நுனில வட்டமா பட்டை இருக்கும், கண்ணாடில சுவத்துல எங்க வேணா ஏறும், ஒரு இஞ்ச் இடுக்கு விட்டீங்கன்னா ராத்திரி பீரோ பின்னாடி டார்ச் அடிச்சு தேடிட்டு இருப்பீங்க.

அடில போடற மண்ணுக்கு தென்னை நார்த்தூள் போதும், உரம் எதுவும் கலக்காதது. நனைச்சு கையில புடிச்சு பிழிஞ்சா ரெண்டு சொட்டு விழணும், ஒழுகக் கூடாது, அதான் அளவு. செடி வெச்சு நிரந்தரமா பண்ணப்போறீங்கன்னா அடில சுட்ட களிமண் உருண்டை ஒரு அடுக்கு, மேல வலை, அதுக்கு மேல மண்ணு, அப்பதான் அதிகப்படி தண்ணி கீழ இறங்கி நிக்கும், மண்ணு அழுகாது. மணி பிளான்ட் எவ்ளோ கொடுமைப்படுத்தினாலும் சாகாது, அதுலயே ஆரம்பிங்க. இலைல மருந்து அடிச்சிருப்பாங்க, நல்லா கழுவி, மண்ண முழுசா உதறி, கொஞ்ச வாரம் வெளிய வெச்சு அப்பறம் உள்ள நடுங்க.

கூழாங்கல், மீன் தொட்டி ஜல்லி எல்லாம் அழகா இருக்கும், போடாதீங்க. தவளை பூச்சிய பாத்து பாயறப்ப வாய்ல வர்றத எல்லாம் சேத்து முழுங்கிடும், கல்லு குடல்ல மாட்டிக்கும். நுணலும் தன் வாயால் கெடும்னு பெரியவங்க சொன்னது கத்தறதப் பத்தி, ஆனா வீட்டுத் தவளை கெடறது முழுங்கித்தான். கல்லு வெச்சே ஆகணும்னா தவளையோட தலைய விட பெரிய கல்லா வெயுங்க.

ஒளியறதுக்கு ரெண்டு மூணு எடம் வேணும், மரப்பட்டை, குழாய்த் துண்டு, அடர்த்தியா செடி, எதுவா இருந்தாலும் சரி. தவளைய நாலு பக்கமும் கண்ணாடில பளிச்சுன்னு வெச்சா அது பயந்தே நோய்வாய்ப்படும், டேங்க்கோட பின்பக்கமும் ஒரு ஓரமும் இருட்டுக் காகிதம் ஒட்டிடுங்க.

சூடு, வெளிச்சம், ஈரம்

வைட்ஸுக்கு பகல்ல 25லருந்து 29 டிகிரி வரைக்கும், ராத்திரி ஒரு 21, 22க்கு இறங்கலாம். பேக்மேனுக்கு 24லருந்து 28. ஃபயர் பெல்லிக்கு 24 தாண்டாம பாத்துக்கோங்க. நீங்க இருக்கற எடம் சூடான எடம்னா ஹீட்டரே தேவைப்படாது, அங்க பிரச்சனை வேற, கோடைல 30க்கு மேல போகாம பாத்துக்கணும். நிழலான ரூம், சின்ன ஃபேன், ராத்திரி ஸ்ப்ரே, இதெல்லாம் உதவும். ஐஸ் தண்ணி ஊத்தற வேலை மட்டும் வேணாம்.

ஹீட் மேட், அதாவது கரண்ட்ல சூடாகற தட்டையான விரிப்பு, வெக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, டேங்க்குக்கு அடில வெக்கறது. யோசிச்சுப் பாருங்க, காட்டுல சூடு மேலருந்துதான் வருது, சூடா இருந்தா தவளை என்ன பண்ணும், கீழ தோண்டி போகும், அங்க குளுமையா இருக்கும். உங்க டேங்க்ல கீழ போகப் போக சூடு ஜாஸ்தி, அது இன்னும் தோண்டும், இன்னும் வேகும். அதனால மேட்ட பக்கவாட்டுக் கண்ணாடில வெளிப்பக்கமா ஒட்டுங்க, ஒரு பக்கம் மட்டும், இன்னொரு பக்கம் குளுமையா இருக்கட்டும், அது எங்க வேணுமோ அங்க போய்க்கும். சூடு அளவு தாண்டினா தானா அணைக்கற தெர்மோஸ்டாட் இல்லாம மேட் போடவே போடாதீங்க.

வெளிச்சம் பத்தி பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல, பகல்ல 12 மணி நேரம் ஒரு சாதாரண எல்இடி, ராத்திரி முழு இருட்டு. கம்மி அளவு யுவிபி லைட், அதாவது வெயில்ல இருக்கற மாதிரி புற ஊதாக் கதிர் குடுக்கற லைட், போட்டா எலும்புக்கு நல்லது, போட்டீங்கன்னா நிழலும் குடுங்க.

ஈரம் எவ்ளோங்கறதுலதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. தவளைன்னாலே சொதசொதன்னு இருக்கணும்னு நினைச்சு நாளைக்கு ஆறு தடவ ஸ்ப்ரே அடிச்சு, மூடிய பிளாஸ்டிக் போட்டு அடைச்சு, உள்ள புழுக்கத்துல பாக்டீரியாவும் பூஞ்சையும் கொண்டாட்டம் போடும். வைட்ஸுக்கு 50லருந்து 70 சதவீதம் தாராளம். சாயங்காலம் லைட் அணைஞ்சப்பறம் நல்லா ஒரு தடவ அடிங்க, காலைல கண்ணாடி காஞ்சு போயிருக்கணும், மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கண்ணாடில முத்து முத்தா தண்ணி நின்னுச்சுன்னா காத்தோட்டம் பத்தலன்னு அர்த்தம். பேக்மேனுக்கு காத்துல இருக்கற ஈரத்த விட அது புதைஞ்சிருக்கற மண்ணோட ஈரம்தான் கணக்கு. மண்ணு ரொம்ப காஞ்சு நாளாச்சுன்னா அது உடம்ப சுத்தி தோலால ஒரு உறை மாதிரி கட்டிக்கிட்டு உள்ள அடங்கிடும், செத்துப்போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க.

தண்ணி

குழாத் தண்ணில குளோரின் போடுவாங்க. ஒரு நாள் வாய் அகலமான பாத்திரத்துல திறந்து வெச்சா குளோரின் போயிடும்னு எல்லாரும் சொல்வாங்க, உண்மைதான். ஆனா சில ஊர்ல குளோரினுக்கு பதிலா குளோரமின் போடறாங்க, அது எத்தன நாள் திறந்து வெச்சாலும் சுலபத்துல போகாது. அதனால மீன் தொட்டிக்கு ஊத்தற வாட்டர் கண்டிஷனர் வாங்கிக்கோங்க, லேபிள்ல குளோரமின், அமோனியா ரெண்டையும் எடுக்கும்னு போட்டிருக்கான்னு பாருங்க, ஏன்னா குளோரமின உடைச்சா உள்ளருந்து அமோனியா வெளிய வரும், அதுவும் தவளைக்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் சுத்தம்தானேன்னு கிண்ணத்துல ஊத்தாதீங்க, அதுல உப்பே இல்ல, தவளை உடம்புல இருக்கற உப்ப அது இழுத்துடும். கண்ணாடில கறை படியாம இருக்க ஸ்ப்ரேக்கு வேணா வெச்சுக்கலாம்.

கிண்ணம் அகலமா, ஆழம் கம்மியா. தவளை உக்காந்தா தண்ணி தாடைக்கு கீழ நிக்கணும். தவளைக்கு நீச்சல் தெரியாதான்னு கேப்பீங்க, பேக்மேனுக்கு சுமாராத்தான் தெரியும், வழுக்கற செங்குத்தான கிண்ணத்துல மூழ்கியே செத்துடும். ஏறி வர ஒரு பக்கம் சரிவா கல்லோ மரக்கட்டையோ வெயுங்க.

தண்ணிய தினமும் மாத்தணும், பாக்க தெளிவா இருந்தாலும் மாத்தணும். தவளைக்கு குளியலறை, குடிதண்ணி, கக்கூஸ் எல்லாமே அந்த ஒரு கிண்ணம்தான், அதுலயே கழிச்சுட்டு அதுலயே உக்காந்து அதையே வயித்தால உறிஞ்சும். நான் நாலு லிட்டர் கேன்ல மொத்தமா கண்டிஷனர் கலந்து டேங்க் பக்கத்துலயே வெச்சுக்கறேன், ரூம் சூட்டுலயே இருக்கும், எடுத்து ஊத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது. தண்ணி மாத்த சோம்பல் வர்றதே அத தயார் பண்றதுலதான்.

சாப்பாடு

அசையறததான் தவளை சாப்பாடுன்னே எடுத்துக்கும். முக்கியமா சுவர்க்கோழி, அதாவது கிரிக்கெட்ஸ், கூட தீனிக்குன்னே வளக்கற டூபியா கரப்பான், மண்புழு, பட்டுப்புழு. மாத்தி மாத்தி குடுங்க. மீல்வார்ம்ங்கற வண்டுப்புழு எப்பவாவது ஒண்ணு ரெண்டு போதும், மேல்தோடு கெட்டி. பூச்சியோட அளவு தவளையோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற தூரத்த தாண்டக்கூடாது. தோட்டத்துல புடிச்ச பூச்சி வேணாம், என்ன மருந்து அடிச்சாங்களோ தெரியாது, மின்மினிப்பூச்சி கிட்டயே கொண்டுபோகாதீங்க, அது விஷம்.

பூச்சிய வாங்கி அப்படியே போட்டா அது வெறும் சக்கைதான். ஒரு நாள் முன்னாடியே கேரட், கீரை, தவிடுன்னு பூச்சிக்கு நல்லா தீனி போடுங்க, பூச்சி வயித்துல இருக்கறதுதான் தவளைக்கு போய்ச் சேருது. அப்பறம் ஒரு பிளாஸ்டிக் டப்பால பூச்சியும் ஒரு சிட்டிகை கால்சியம் பவுடரும் போட்டு லேசா குலுக்கினா வெள்ளையா மாவு பூசின மாதிரி வரும், உடனே போட்டுடணும், விட்டா பூச்சி தன்ன தானே சுத்தம் பண்ணிக்கும். சுவர்க்கோழில பாஸ்பரஸ் ஜாஸ்தி கால்சியம் கம்மி, பவுடர் இல்லாம மாசக்கணக்குல போட்டா தவளைக்கு எலும்பு ரப்பர் மாதிரி ஆயிடும், தாடை தொங்கும், நடக்க முடியாது. வைட்டமின் டி3 கலந்த கால்சியத்த வழக்கமாவும், மல்டிவைட்டமின் வாரம் பத்து நாளைக்கு ஒரு தடவையும் போடுங்க. வைட்டமின் ஏ குறைஞ்சா தவளை நாக்க நீட்டி குறி பாத்து அடிக்கும், ஆனா பூச்சி ஒட்டாது, பசியோட திரும்பத் திரும்ப தவற விடும், பாக்கவே பாவமா இருக்கும்.

எத்தன தடவன்னா, குட்டிக்கு தினமும், வளர்ந்த வைட்ஸுக்கு வாரம் ரெண்டு மூணு தடவ நாலஞ்சு பூச்சி, வளர்ந்த பேக்மேனுக்கு வாரம் ஒரு தடவ போதும். கேக்கறப்பல்லாம் போடாதீங்க, தவளை எப்பவுமே கேக்கும். வைட்ஸுக்கு கண்ணுக்கு மேல காதுக்கு மேல ஒரு சதை மடிப்பு இருக்கும், அது தொங்கி கண்ண மறைக்க ஆரம்பிச்சா நீங்க ஜாஸ்தி போடறீங்கன்னு அர்த்தம். மாசம் ஒரு தடவ எடை போட்டு எழுதி வெயுங்க. தவளைய தராசுல நிறுத்த மாதிரின்னு சும்மாவா சொன்னாங்க, மூடி போட்ட டப்பாக்குள்ள விட்டு டப்பாவோட நிறுத்தி அப்பறம் டப்பா எடைய கழிச்சுக்கோங்க, வேற வழியே இல்ல.

சாப்பிடறப்ப கிட்டருந்து முகத்த பாருங்க. ஒவ்வொரு வாய்க்கும் கண்ண மூடும், மூடறது மட்டும் இல்ல, கண்ணு ரெண்டும் தலைக்குள்ள இறங்கும், அந்த கண்ணு முழிதான் உள்ளருந்து பூச்சிய தொண்டைக்கு தள்ளி விடுது. எனக்கு இன்னும் அலுக்கல.

போட்ட பூச்சில மிச்சம் இருந்தா ராத்திரியே எடுத்துடுங்க, பசிச்ச சுவர்க்கோழி தூங்கற தவளையோட தோலையே கடிக்கும்.

தொடறது, நோய், தனியா வெக்கறது

தொடறது முடிஞ்சவரைக்கும் வேணாம். தொட்டே ஆகணும்னா பவுடர் இல்லாத கையுறை போட்டு, குளோரின் இல்லாத தண்ணில நனைச்சு அப்பறம் எடுங்க. லோஷன், சானிடைசர், கொசு மருந்து தடவின கையால எடுத்தீங்கன்னா அது அப்படியே உள்ள போகும். முடிச்சதும் உங்க கையயும் சோப்பு போட்டு கழுவுங்க, வயித்தக் கெடுக்கற சால்மொனெல்லா கிருமி ஒட்டியிருக்கலாம், சமையல் சிங்க்ல தவளைக் கிண்ணத்த கழுவற பழக்கமே வேணாம்.

தொடைக்கு உள்பக்கமும் வயிறும் சிவந்து போறது, உடம்பு பலூன் மாதிரி உப்பறது, பகல்லயும் வெட்டவெளில சோர்ந்து உக்காந்திருக்கறது, பின்பக்கமா சதை வெளிய தள்ளி நிக்கறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும், மனுஷ மருந்து எதையும் நீங்களா தடவாதீங்க. டாக்டர் பாக்கற வரைக்கும் தனி டப்பால ஈரமான வெள்ளை டிஷ்யூ பேப்பர் போட்டு வெயுங்க, கழிச்சது என்ன கலர்னு தெரியும், போட்டோ எடுத்து காட்டலாம்.

புது தவளை வந்தா பழசு இருக்கற டேங்க்ல உடனே விடாதீங்க, குறைஞ்சது ஒரு மாசம், முடிஞ்சா ரெண்டு மாசம் தனி ரூம், தனி இடுக்கி, தனி கிண்ணம், பழசுக்கு வேலைய முடிச்சுட்டுதான் புதுசுகிட்ட போகணும். காரணம் கைட்ரிட்ங்கற பூஞ்சை. தவளை தோலையே தாக்கும், தோல் போனா தவளைக்கு என்ன மிச்சம்? 1999லதான் அதுக்கு பேரு வெச்சு விவரிச்சாங்க, 2019ல வந்த ஒரு கணக்குப்படி இதனால 501 இனம் குறைஞ்சிருக்கு, அதுல 90 இனம் அழிஞ்சே போயிருக்கலாம்னு சொல்றாங்க. உலகம் பூரா இது பரவினதுல தவளை வியாபாரத்துக்கும் பங்கு இருக்கு. அதனால வளக்க முடியலன்னு குளத்துல கொண்டுபோய் விடற வேலை கூடவே கூடாது, வேற வளக்கறவங்ககிட்ட குடுங்க. அந்த டேங்க் தண்ணியயும் கால்வாய்லயோ செடிக்கோ ஊத்தாம, ப்ளீச் கலந்து வெச்சு அப்பறம் சாக்கடைல ஊத்துங்க.

சுத்தம் பண்றது தினமும் எச்சத்த டிஷ்யூல எடுக்கறது, வாரம் ஒரு தடவ வெந்நில கண்ணாடி தொடைக்கறது, மண்ணுல நாத்தம் வந்தா முழுசா மாத்தறது. நல்ல டேங்க் மழை பெஞ்ச தோட்டம் மாதிரி வாசனை வரணும், அழுகின முட்டை வாசனை வந்தா அடில தண்ணி தேங்கி இருக்கு.

இன்னொண்ணு, இத சொல்லாம விட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு பயந்துடுவீங்க. ஒரு நாள் உங்க தவளை முதுக வளைச்சு, வாய ஆ ஆன்னு திறந்து, உடம்ப குலுக்கி, வாந்தி எடுக்கற மாதிரியே பண்ணும். பின்னங்கால முதுகு மேல போட்டு தேய்க்கும். டார்ச்ச கொஞ்சம் தள்ளி அடிச்சு பாருங்க, வாயோட ரெண்டு ஓரத்துலயும் கண்ணாடிப் பேப்பர் மாதிரி ஒரு இழை உள்ள போயிட்டிருக்கும். தோல் உரிக்குது, உரிச்சத அப்படியே ஸ்வெட்டர் கழட்டற மாதிரி தலை வழியா இழுத்து தின்னுட்டிருக்கு. ஒண்ணும் பண்ண வேண்டாம், லைட்ட அணைச்சுட்டு போய் படுங்க, காலைல புதுப் பெயின்ட் அடிச்ச மாதிரி உக்காந்திருக்கும், கிண்ணத்துத் தண்ணிய மட்டும் மறக்காம மாத்திடுங்க.